சாரணர் தந்தை பேடன் பவல் பிரபு

ஆண்டுதோறும் பிப்ரவரி 22ஆம் நாள் காலையில் எங்கள் பள்ளி மைதானத்தில் சாரணியர் கொடி ஏறும். கழுத்துக்குட்டையைச் சரிசெய்துகொண்டு நாங்கள் அணி அணியாக நிற்போம். சர்வ சமயப் பிரார்த்தனை முடிந்ததும், அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்த முதியவர் ஒருவரின் படத்துக்கு மதர் அவர்கள் மாலை அணிவிப்பார்கள். சென்ற ஆண்டு அந்தப் படத்தை நாங்கள் துடைத்துக்கொண்டிருந்தபோது ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி வந்து, இந்த வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காரர் நமக்கு என்ன உறவு என்று கேட்டாள். எங்களுக்குச் சிரிப்பு வந்தது, பதில் வரவில்லை. அவர் பிறந்த நாளையும் இறந்த நாளையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தோம். அதற்கு மேல் ஒன்றும் அறியோம்.

சில மாதங்கள் கழித்து அதே கேள்வி வேறு வடிவில் எங்கள் வீடுகளிலேயே எழுந்தது. காலாண்டு விடுமுறையில் குருமலை அடிவாரத்தில் இரண்டு நாள் சாரணியர் முகாம் என்று அறிவித்தார்கள். பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் கொண்டு வரவேண்டும். எங்களில் பலருக்கு அந்தக் கையெழுத்துக் கிடைக்கவில்லை. காட்டிலும் மேட்டிலும் சுற்றுவதும் கூடாரத்தில் படுப்பதும் ஆண்பிள்ளைகளுக்கு உரியவை. பெண்பிள்ளைகளுக்கு எதற்கு என்று பெரியவர்கள் கேட்டார்கள். கேட்டவர்கள் எங்கள்மீது அன்புள்ளவர்கள். ஆகவே கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நூலகத்துக்குப் போனோம். அங்கே படித்ததையும் எங்கள் சாரணியர் ஆசிரியையான சிஸ்டர் சொல்லிக் கேட்டதையும் சேர்த்து இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தந்தையில்லாப் பிள்ளை

இராபர்ட் ஸ்டீவன்சன் ஸ்மித் பேடன் பவல் 1857ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் ஒரு குருவானவர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராகவும் விளங்கியவர். ஆனால் மகனுக்கு மூன்று வயது நிரம்பியிருந்தபோது, 1860இல் அவர் காலமானார். வீடு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தாய் ஹென்ரியெட்டா தனித்து நின்றார். மனம் தளராத அந்த அம்மையார், பிள்ளைகளுக்குப் பாடத்தோடு செடி, கொடி, பறவை, விலங்குகளையும் அறிமுகம் செய்து வளர்த்தார்.

விடுமுறை வந்தால் அண்ணன்மார் தம்பியை அழைத்துக்கொண்டு படகேறுவார்கள், கால்நடையாக நெடுந்தூரம் போவார்கள், வெட்டவெளியில் உறங்குவார்கள். மூத்த அண்ணன் கடல் தொழில் அறிந்தவர். படகில் கடைக்குட்டிகளுக்குப் பாத்திரம் கழுவும் வேலைதான் முதலில் கிடைக்கும். சொன்ன வேலையைச் சுணங்காமல் செய்யும் பழக்கம் அங்கேதான் படிந்தது.

எட்டு வயதில் அவர் ஒரு தாளில், தாம் பெரியவரானதும் செய்யப்போகும் சட்டங்கள் என்று சிலவற்றை எழுதி வைத்தார். ஏழை மக்களும் தம்மைப் போலவே வாழ வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. எட்டு வயதுப் பிள்ளையின் விளையாட்டு எழுத்துத்தான். ஆயினும் பின்னாளில் அவர் செய்த ஒரு காரியத்தைப் பார்க்கும்போது அந்தத் தாள் எங்களுக்கு மறுபடியும் நினைவுக்கு வந்தது.

பள்ளிக்குப் பின்னால் ஒரு தோப்பு

1870ஆம் ஆண்டு உதவித்தொகை பெற்றுச் சார்ட்டர்ஹவுஸ் என்னும் பள்ளியில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளில் அப்பள்ளி இலண்டனை விட்டுக் காடல்மிங் என்னும் ஊருக்கு மாறியது. புதிய பள்ளியை ஒட்டி அடர்ந்த தோப்பு ஒன்று இருந்தது. மாணவர் அங்கே போகக்கூடாது என்பது விதி. நம் பேடன் பவலுக்கோ அந்தத் தோப்பே இரண்டாவது வகுப்பறை ஆயிற்று.

ஓசைப்படாமல் நடக்கவும், காற்று வீசும் திசை அறிந்து விலங்கின் அருகே போகவும், மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்து அவ்வழியே சென்றது எது என்று கண்டுகொள்ளவும் அங்கே தாமாகவே கற்றார். கண்ணி வைத்து முயல் பிடித்து, புகை எழும்பாதபடி சிறு நெருப்பு மூட்டிச் சமைத்துத் தின்பாராம். புகை தெரிந்தால் ஆசிரியர் வந்துவிடுவாரே! தேடி வரும் ஆசிரியர்கள் நேரே பார்ப்பார்களேயன்றி அண்ணாந்து பார்ப்பதில்லை என்பதையும் மரக்கிளையில் ஒளிந்திருந்து கண்டுபிடித்தார்.

விதியை மீறியதை நாங்கள் மெச்சவில்லை. இதைப் படிக்கும் சிஸ்டர்மார் கவலைப்பட வேண்டாம். வகுப்பில் அவர் முதன்மையானவராகவும் இருக்கவில்லை. கால்பந்து விளையாட்டில் கோல் காப்பவராகவும், பள்ளி நாடகங்களில் சிரிக்க வைப்பவராகவும், இரு கைகளாலும் படம் வரைபவராகவுமே அவரைத் தோழர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் தோப்பில் கற்றதை அவர் மறக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின் உலகத்துப் பிள்ளைகளுக்கு அவர் கொடுத்த பாடங்களில் பெரும்பகுதி அந்தத் தோப்பில் விளைந்ததே.

தடம் பார்ப்பது நம் கரிசல் காட்டுக்குப் புதிதன்று. மழை பெய்து ஈரம் ஊறிய கரிசலில் பதிந்த கால் காய்ந்த பின்னும் அச்சுப்போல நிற்கும். வழிதவறிய ஆட்டை அதன் குளம்புத் தடத்தை வைத்தே தேடிப் பிடிக்கும் தாத்தாமார் நம் கிராமங்களில் உண்டு. அவர்கள் வேலையாகச் செய்ததை அந்தச் சிறுவர் விளையாட்டாகக் கற்றார்.

போர்வீரர்

பல்கலைக்கழகத்தில் சேரும் முயற்சி கைகூடவில்லை. இராணுவத் தேர்வு எழுதிக் குதிரைப்படைக்கானவர்களில் இரண்டாம் இடம் பெற்றார். 1876இல், பத்தொன்பதாம் வயதில், நம் இந்திய நாட்டுக்கு வந்து இலட்சுமணபுரி என்னும் இலக்னோவில் இருந்த படையில் சேர்ந்தார். பின்னர் ஆப்பிரிக்காவிலும் பல ஆண்டுகள் பணியாற்றினார்.

1897இல் மீண்டும் இந்தியாவுக்கு வந்து மீரட்டில் ஒரு குதிரைப்படைக்குத் தலைமை ஏற்றார். அங்கே வீரர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, அறியாத இடத்தில் வழி கண்டறியவும், பார்த்ததைத் தவறின்றி அறிவிக்கவும் பயிற்சி தந்தார். இவ்வாறு முன்சென்று அறிந்து வருபவரே சாரணர். நன்கு தேறியவர்களுக்குத் திசைகாட்டியில் வடக்கைக் குறிக்கும் லீலிமலர் வடிவ அடையாளத்தைச் சின்னமாக அளித்தார். இன்று உலகமெங்கும் சாரணர் அணியும் சின்னம் அதிலிருந்து வந்ததே. நம் நாட்டு மண்ணில் முதலில் அணியப்பட்ட சின்னம் அது என்று அறிந்தபோது எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

1899இல் தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் போர் மூண்டது. மாஃபிகிங் என்னும் சிற்றூரைக் காக்கும் பொறுப்பு பேடன் பவலிடம் இருந்தது. போயர்கள் ஊரைச் சூழ்ந்துகொண்டார்கள். 1899 அக்டோபர் 13 முதல் 1900 மே 17 வரை 217 நாட்கள் முற்றுகை நீடித்தது. மணல் நிரப்பிய பெட்டிகளை வெடி என்று சொல்லிப் புதைப்பதும், இல்லாத முள்வேலியைத் தாண்டுவது போல வீரர்களைக் கால் தூக்கி நடக்கச் செய்வதுமாகப் பகைவரை ஏமாற்றினார்.

ஆட்கள் போதாத அந்த ஊரில் சிறுவர்களைத் திரட்டி, சீருடை கொடுத்து, செய்தி கொண்டுபோகவும் காவல் நிற்கவும் பழக்கினார்கள். முதலில் கழுதை மீதும் பிறகு சைக்கிளிலும் ஏறிக் குண்டு விழும் தெருக்களில் அந்தப் பிள்ளைகள் தபால் கொண்டுபோனார்கள். பொறுப்பை நம்பி ஒப்படைத்தால் சிறுவரும் பெரியவர் போல் நடந்துகொள்வார்கள் என்னும் உண்மையை அவர் கண்ணாரக் கண்டார்.

முற்றுகை நீங்கியதும் இங்கிலாந்து அவரைக் கொண்டாடியது. நாற்பத்து மூன்றாம் வயதில் மேஜர் ஜெனரல் ஆனார். ஆனால் இன்னொரு பக்கத்தையும் எழுதாமல் விடுவது நேர்மையாகாது. முற்றுகையின்போது அவ்வூரில் இருந்த கறுப்பின மக்களுக்குக் கிடைத்த உணவு வெள்ளையருக்குக் கிடைத்ததைவிட மிகவும் குறைவு. அவர்களில் பலர் பட்டினியால் மடிந்தார்கள் என்பதை வரலாற்று ஆசிரியர்கள் எழுதியுள்ளார்கள். எல்லாரும் தம்மைப் போல் வாழ வேண்டும் என்று எட்டு வயதில் எழுதியவர் நாற்பத்திரண்டு வயதில் அதைச் செய்யவில்லை. பெரியவர்களின் வாழ்க்கையிலும் இப்படி நிழல் விழுவதுண்டு.

தீவில் ஒரு வாரம்

படைவீரர்களுக்காக அவர் எழுதிய சிறு நூல் ஒன்றைச் சிறுவர்களும் ஆசிரியர்களும் விரும்பிப் படிப்பதைத் தாய்நாடு திரும்பியதும் அறிந்தார். போருக்காகச் சொன்னதை நல்வாழ்வுக்காக மாற்றிச் சொன்னால் என்ன என்ற எண்ணம் பிறந்தது.

1907 ஆகஸ்டு முதல் வாரத்தில் பிரவுன்சீ என்னும் சிறு தீவுக்குச் சுமார் இருபது சிறுவர்களை அழைத்துச் சென்றார். சிலர் செல்வர் வீட்டுப் பிள்ளைகள். பெரிய பெரிய பள்ளிகளில் படிப்பவர்கள். மற்றவர்கள் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். இவர்களைத் தனித்தனியே வைக்காமல் ஒன்றாகக் கலந்து, ஓநாய், காளை, காக்கை, நீர்ப்பறவை ஆகிய பெயர்களில் நான்கு அணிகள் அமைத்தார். ஒவ்வோர் அணிக்கும் அந்தச் சிறுவர்களில் ஒருவனே தலைவன். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மான்கொம்பை ஊதிக் காலையில் எழுப்பினார். பகலில் முடிச்சுப் போடுதல், சமைத்தல், தடம் பார்த்தல், முதலுதவி. இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை.

அந்நாளைய இங்கிலாந்தில் முதலாளி மகனும் தொழிலாளி மகனும் ஒரே பானையில் சமைத்து உண்பது வழக்கத்தில் இல்லாதது. எட்டு வயதில் எழுதிய தாள் எங்களுக்கு நினைவு வந்தது இவ்விடத்தில்தான். உலகத்துக்கே சட்டம் செய்ய அவரால் முடியவில்லை. ஒரு தீவில் ஒரு வாரம் அதைச் செய்து காட்டினார்.

1908 சனவரியில் சிறுவர்களுக்கான சாரணர் நூலை ஆறு பகுதிகளாகப் பதினைந்து நாளுக்கு ஒன்றாக வெளியிட்டார். கடையில் வாங்கிப் படித்த சிறுவர்கள் யாரும் சொல்லாமலே தாங்களாக அணி சேர்ந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் இங்கிலாந்தில் மட்டும் சாரணர் தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டியது. 1910இல் பேடன் பவல் இராணுவத்தை விட்டு விலகி, எஞ்சிய வாழ்நாளைப் பிள்ளைகளுக்கே கொடுத்தார். புனித ஜார்ஜியாரைச் சாரணரின் பாதுகாவலராகத் தேர்ந்தார். கடவுளுக்குச் செய்யும் கடமையே சாரணர் வாக்குறுதியில் முதலிடம் பெற்றது.

அவர் வைத்த தேர்வுகளில் ஒன்று நம் ஊர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். வெட்டவெளியில் விறகு அடுக்கி, இரண்டு தீக்குச்சிகளுக்கு மேல் செலவிடாமல் நெருப்பு மூட்ட வேண்டும். கோவில்பட்டியில் தீக்குச்சிக்குப் பஞ்சமா? ஆனாலும் இரண்டுதான். காற்றின் போக்கைப் பாராமல், சுள்ளியைக் காயவைக்காமல், அவசரப்பட்டு உரசினால் பெட்டி முழுவதும் தீர்ந்தாலும் அடுப்புப் பற்றாது.

அழையாமல் வந்த சிறுமியர்

இனி எங்கள் கேள்விக்கு வருகிறோம். 1909 செப்டம்பர் 4ஆம் நாள் இலண்டனில் பளிங்கு மாளிகை என்னும் இடத்தில் சாரணர் பேரணி நடந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர் திரண்டிருந்தார்கள். பேடன் பவல் அணிவகுப்பைப் பார்வையிட்டுக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார். தொப்பியும் கழுத்துக்குட்டையும் கையில் கோலுமாகச் சில சிறுமியர் அணிவகுத்து நின்றிருந்தார்கள்! அவர்களை எவரும் அழைக்கவில்லை. தாங்களும் சாரணரே என்று அச்சிறுமியர் சொன்னார்கள்.

அவர்கள் சொன்னது பொய்யன்று. தம்பிமாரும் அண்ணன்மாரும் வாங்கி வந்த நூலை அவர்களும் படித்திருந்தார்கள். அணி சேர்ந்து பயிற்சியும் எடுத்திருந்தார்கள். பெயரின் முதலெழுத்துகளை மட்டும் எழுதியனுப்பி, பெண் என்று தெரியாமலே பதிவு செய்துகொண்டவர்களும் உண்டு. அதற்குள் அவ்வாறு பதிந்த சிறுமியர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

பேடன் பவல் மகிழ்ந்தார், தயங்கவும் செய்தார். பெண்கள் காட்டில் திரிவதா, கோலும் கையுமாக ஓடுவதா என்று பத்திரிகைகளிலும் வீடுகளிலும் கண்டனம் எழுந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்ட கேள்வியேதான்! நூறு ஆண்டுகளுக்கு முன்னால், கடலுக்கு அப்பால், வேறு மொழியில் கேட்கப்பட்டது, அவ்வளவே வேறுபாடு. அந்தச் சிறுமியருக்கும் எங்கள் வயதுதான் இருக்கும்.

அவர் கதவை அடைத்துவிடவில்லை. தம் தங்கை ஆக்னஸ் அம்மையாரிடம் பொறுப்பை ஒப்படைத்து, 1910இல் பெண்களுக்கெனத் தனி இயக்கம் தொடங்கச் செய்தார். இந்தியாவின் வடமேற்கு எல்லையில் வழிகாட்டிப் படை என்று புகழ்பெற்ற ஒரு படை இருந்தது. அதன் பெயரையே கைடு என்று சிறுமியர்க்குச் சூட்டினார். நாம் சாரணியர் என்று தமிழில் சொல்வது இவர்களைத்தான்.

சிறுமியரில் சிலருக்கு முதலில் மனக்குறை. விலங்குகளின் பெயரை வைத்துக்கொண்டு வீறுடன் திரிந்த அணிகளுக்குப் பூக்களின் பெயரை வைக்கச் சொன்னார்கள். ஆயினும் பெயர் மாறியதால் பயிற்சி நின்றுவிடவில்லை. எங்கள் படையிலும் தாமரை, மல்லிகை, ரோஜா என்றுதான் அணிகள் உண்டு. மல்லிகை அணியினர் கயிற்றுப் பாலம் கட்டுவதில் வல்லவர்கள் என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறோம்.

1912இல் பேடன் பவல் ஓலேவ் என்னும் பெண்மணியை மணந்தார். இருவர் பிறந்த நாளும் பிப்ரவரி 22 என்பது வியப்பே. ஓலேவ் அம்மையார் சாரணியர் இயக்கத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்றார். 1930இல் உலகச் சாரணியர் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவ்விருவர் பிறந்த நாளையே நாம் சிந்தனை நாளாகக் கொண்டாடுகிறோம்.

நம் நாட்டில்

நம் நாட்டில் முதல் சாரணர் படை 1909இல் பெங்களூரில் தோன்றியது. சாரணியர் படை 1911இல் ஜபல்பூரில் தோன்றியது. ஆனால் தொடக்கத்தில் அந்தக் கதவு ஆங்கிலேயர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்கு மட்டுமே திறந்திருந்தது. நம் நாட்டுப் பிள்ளைகள் வெளியே நின்று பார்த்தார்கள். பயிற்சி பெற்ற இந்திய இளைஞர் நாளை அரசை எதிர்ப்பார்கள் என்று ஆட்சியாளர் அஞ்சினார்கள்.

இங்கும் அழைப்புக்குக் காத்திராமல் சிலர் செயலில் இறங்கினார்கள். அன்னி பெசன்ட் அம்மையாரும் அவருடைய துணைவர் அருண்டேலும் 1916–17 வாக்கில் சென்னையில் இந்தியச் சிறுவர் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் பிள்ளைகள் தொப்பிக்குப் பதில் தலைப்பாகை கட்டினார்கள். நம் நாட்டுப் பாடல்களைப் பாடினார்கள். வட இந்தியாவிலும் மதன் மோகன் மாளவியா போன்ற பெரியோர் இம்முயற்சியில் இறங்கினார்கள்.

1921ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பேடன் பவலும் ஓலேவ் அம்மையாரும் இந்தியாவுக்கு வந்து பல நகரங்களைப் பார்த்தார்கள். சென்னைக்கும் வந்தார்கள். அன்னி பெசன்ட் அம்மையாரின் சாரணரைக் கண்டு மகிழ்ந்து, அவர்களைத் தம் இயக்கத்தோடு இணைத்துக்கொண்டார். ஆங்கில அரசு சில ஆண்டுகளுக்கு முன் காவலில் வைத்த அம்மையாரை, இந்தியா முழுவதற்கும் சாரணர் இயக்கத்தின் கௌரவ ஆணையராக ஏற்றுக்கொண்டார். 1932இல் இயக்கத்தின் உயர்ந்த விருதான வெள்ளி ஓநாய் விருதும் அம்மையாருக்கு அளிக்கப்பட்டது.

இதோடு எல்லாம் இனிதாக முடிந்தது என்று எழுத ஆசைதான். 1937இல் தில்லியில் நடந்த பெருந்திரள் முகாமுக்கு மீண்டும் வந்தவர், இந்தியரின் குணநலனைக் குறைவாகப் பேசியது பலருடைய மனத்தைப் புண்படுத்தியது. அடுத்த ஆண்டே பலர் பிரிந்து இந்துஸ்தான் சாரணர் சங்கம் கண்டார்கள். நாடு விடுதலை பெற்ற பின், 1950 நவம்பர் 7ஆம் நாள், பிரிந்திருந்த சாரணர் சங்கங்கள் ஒன்றுகூடிப் பாரத சாரண சாரணியர் இயக்கம் ஆயின. 1951 ஆகஸ்டு 15ஆம் நாள் பெண்கள் அமைப்பும் அதில் சேர்ந்தது. நம் பகுதி மக்கள் காமநாயக்கன்பட்டிப் பரலோக அன்னையின் ஆலயத்தில் கூடும் அதே விண்ணேற்புத் திருநாள்!

பொன் அம்புகள்

முதல் உலகப்போர் அவர் மனத்தை வெகுவாக மாற்றியது. போரில் பெயர் பெற்றவர், பிள்ளைகள் இனிப் போருக்குப் போகாமல் இருக்க வழி தேடினார். பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே இடத்தில் கூடாரம் அடித்து வாழ்ந்தால் பிறகு ஒருவரையொருவர் சுட மனம் வராது என்று நம்பினார். 1920இல் இலண்டனில் நடந்த முதல் உலக ஜம்போரியில் உலகச் சாரணர் தலைவராக அவரைத் தேர்ந்தார்கள்.

1929இல் இங்கிலாந்தில் ஆரோ பார்க் என்னும் இடத்தில் மூன்றாவது ஜம்போரி நடந்தது. அடைமழை பெய்து மைதானம் முழுவதும் சேறாயிற்று. ஐப்பசி மழையில் கரிசல் காட்டு வழியே பள்ளிக்கு வந்து பழகிய எங்களுக்கு அந்தச் சேற்றை எளிதில் நினைத்துப் பார்க்க முடிகிறது. அந்தச் சேற்றிலும் பல்லாயிரம் பிள்ளைகள் பாட்டும் சிரிப்புமாக இருந்தார்கள். நிறைவு நாளில் பேடன் பவல், போரின் அடையாளமாக ஒரு கோடரியை எடுத்துப் பொன்வண்ண அம்புகள் நிறைந்த பீப்பாய்க்குள் புதைத்தார். பிறகு அந்த அம்புகளைச் சமாதானத்தின் அடையாளமாக ஒவ்வொரு நாட்டாருக்கும் கொடுத்தனுப்பினார். அவ்வாண்டே அவருக்குப் பிரபு பட்டம் கிடைத்தது.

பத்தே ஆண்டுகளில் இரண்டாம் உலகப்போர் வந்துவிட்டது. அம்பு பெற்றுச் சென்ற பிள்ளைகளில் எத்தனை பேர் எதிரெதிர் அணியில் நின்றார்களோ! அவர் நம்பிக்கை வீணாயிற்று என்று சிலர் சொல்லலாம். ஆனால் போர் முடிந்ததும் 1947இல் பிரான்சு நாட்டில் மீண்டும் உலக ஜம்போரி கூடியது. பகையை மறந்து முதலில் கூடியவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அதைக் காண அவர் இல்லை. முதுமையில் ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டு நியேரி என்னும் ஊரில் ஒரு சிறு வீட்டில் துணைவியாருடன் வாழ்ந்து, 1941 சனவரி 8ஆம் நாள், எண்பத்து மூன்றாம் வயதில் கண் மூடினார். கென்யா மலை தெரியும் அவ்வூரிலேயே அடக்கம் செய்தார்கள். கல்லறையில் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் செதுக்கப்பட்டுள்ளன. பாதையில் சாரணர் இடும் குறி அது. வீடு திரும்பிவிட்டேன் என்பது அதன் பொருள். 1977இல் மறைந்த ஓலேவ் அம்மையாரின் அஸ்தியும் அங்கேயே சேர்க்கப்பட்டது.

எங்கள் முகாம்

இந்த வரலாற்றைச் சிஸ்டர் எங்கள் பெற்றோரை அழைத்து எடுத்துரைத்தார்கள். சிலர் கையெழுத்திட்டார்கள், சிலர் இடவில்லை. முகாம் நாளன்று காலையில் நாங்கள் பேருந்தில் ஏறியபோது, அனுமதி கிடைக்காத எங்கள் தோழி ஒருத்தி பள்ளி வாசலுக்கு வந்து நின்றாள். எங்களுள் நன்றாக முடிச்சுப் போடுபவள் அவள்தான். அவளுடைய அம்மா தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். அந்த அம்மா சிறுமியாய் இருந்த காலத்தில் நம் வட்டாரத்துப் பெண்பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்துக்குப் பதில் தீப்பெட்டி ஒட்டத்தான் போனார்கள். அந்த அம்மாவும் அப்படிப் போனவரே. தாம் போகாத பள்ளிக்கு மகளை அனுப்பியதே அவருக்குப் பெரிய காரியம். இரவு தங்க அனுப்ப மனம் துணியவில்லை. அதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. வாசலில் நின்ற தோழி ஒரு புதுத் தீப்பெட்டியை எங்கள் அணித் தலைவியின் கையில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

முந்தின இரவு பெய்த மழையில் குருமலை அடிவாரத்துச் சுள்ளியெல்லாம் நனைந்திருந்தது. அடியில் கிடந்த காய்ந்த குச்சிகளைப் பொறுக்கிச் சீவி, காற்றுக்கு மறைப்புக் கட்டி, அந்தப் பெட்டியிலிருந்து ஒரு குச்சியை உரசினோம், அணைந்தது. இரண்டாவது பற்றியது. அன்று நாங்கள் சமைத்த சோற்றில் உப்புக் கூடிவிட்டது. ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை. பெட்டியை அவளிடம் திருப்பிக் கொடுத்தபோது குச்சிகளை எண்ணிப் பார்த்துச் சிரித்தாள்.

அன்புத் தங்கையே, அவர் நமக்கு என்ன உறவு என்று கேட்டாயல்லவா? அவர் தவறே செய்யாதவர் அல்லர். ஆனால் ஏழைப் பிள்ளைகளும், சிறுமியரும், நம் நாட்டுப் பிள்ளைகளும் வாசலில் வந்து நின்றபோது, சில வேளை உடனேயும் சில வேளை தயங்கியும், கதவைத் திறந்தவர். பிள்ளைகளைச் சுமையாகப் பாராமல் பொறுப்பானவர்களாகப் பார்த்தவர். அதனால் அவர் நமக்கு உறவே. அழைக்காமலே போய் அணிவகுத்து நின்ற அந்தச் சிறுமியர் அவரைவிட நெருங்கிய உறவு.

பெற்றோர்களே, வருகின்ற ஆண்டிலும் முகாம் உண்டு. நாங்கள் பத்தாம் வகுப்பு முடித்துப் போய்விடுவோம். எங்கள் தங்கையர் கடிதத்தோடு உங்களிடம் வருவார்கள். முடிச்சுப் போடும் கை வாசலில் நின்றுவிடாமல் எங்களுக்கு முன்னே பேருந்தில் ஏற வேண்டும் என்று பணிவன்புடன் வேண்டிக்கொள்கிறோம்.

வாழ்க சாரணர் தந்தையின் நினைவு! வளர்க நம் சாரணியர் படை!